கிண்ணத்தில் வெட்டிய பெயர்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
9-5-2007

மரியாதைக்குரிய மச்சான் கன்னியப்பன் அவர்களுக்கு,

கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். கனகசெட்டிக்குளத்தில் நீங்களும், அக்காவும், பிள்ளைகளும், கரையேற்றி வைத்திருக்கும் படகும் சுகமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கச்சி பாக்கியலட்சுமியும் தற்சமயம் உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் சுகத்தையும் விசாரித்து எழுதவும். நான் விசாரித்ததாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

போன் செய்யாமல் இன்லேண்டு லெட்டர் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசப் பேசக் காசு ஓடும். இதில் எவ்வளவு பொடியாக எழுதினாலும் ஒரே விலைதான். தவிர, போன் செய்தால் அவள் எடுத்துவிடுவாள். எடுத்தால் என்ன பேசுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஆனதால் உங்களுக்கும் நிதானமாகப் படிக்க நேரம் இருக்கும்.

பாக்கியலட்சுமி அங்கே வந்த காரணத்தை உங்களிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது. நடந்தது இதுதான். மில்லில் ஆள் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கண் அடுப்பங்கரைப் பக்கம்தான் போகும். மகன் வெற்றிச்செல்வன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின் நாங்கள் இரண்டே பேர், ஆனால் உங்கள் தங்கச்சி வைக்கும் குழம்போ ஐந்து பேருக்குக் காணும். பெரிய மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போய், வாடின கத்திரிக்காயைப் பேரம் பேசி வாங்கி வருவாள். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். அந்தக் கத்திரிக்காயில் குழம்பு வைத்து, அடுத்த வீட்டு அன்னக்கிளிக்கு ஒரு கிண்ணம், பின்வீட்டுக்கு ஒரு கிண்ணம், எதிர்வீட்டு சொல்தாவுக்கு ஒரு கிண்ணம் என்று ஊற்றி அனுப்புவாள். சொல்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அவருக்கு நம் வீட்டுக் கத்திரிக்காய் எதற்கு? இதையெல்லாம் யோசித்து நான் ரொம்பவும் அமைதியாகத்தான் சொன்னேன்.

“இனிமே இந்த வூட்டுக் கொழம்பு ஒரு கரண்டி கூட வாசப்படி தாண்டக் கூடாது.”

அவள் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள்.

“கொழம்பு தாண்டக் கூடாதுன்னா நான் தாண்டுறேன். ரெண்டு பேருக்கு ஆவுற செலவு ஒருத்தருக்கு ஆவட்டும். அதுவும் மிச்சந்தான?” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சொன்ன கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும் மச்சான், நான் துளியும் கலங்கவில்லை. சிக்கனமாகக் குடித்தனம் செய்வது எப்படி என்று காட்டிவிட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் சோற்றை வடித்து வைத்துவிட்டு, குழம்புக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க உட்கார்ந்தேன். யோசனை முடிவதற்குள் அன்னக்கிளி ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாங்காய் போட்டது. மறுநாள் மத்தியானம் பின்வீட்டிலிருந்து முருங்கைக்காய் சாம்பார். ராத்திரிக்கு சொல்தா வீட்டுக் கறிக்குழம்பு, அதில் எலும்பைவிடக் கறி அதிகம். அதற்கு மறுநாள் அன்னக்கிளியிடமிருந்து வேறொரு கிண்ணத்தில் காராமணிக் குழம்பு. தெருவில் எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கே அதுவரை தெரியாது. சோறு மட்டும் வடித்தால் போதும், குழம்பு தானாக வரும் என்றால் குடும்பம் நடத்துவதில் என்ன கஷ்டம் இருக்கிறது? இதற்கா இத்தனை வருஷமாக இவள் எண்ணெய் விலையும் பருப்பு விலையும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது. சோற்றிலும் மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருநாள் அரிசி கொதித்ததும் கேஸை அணைத்து, சட்டியைப் போர்வையில் சுற்றி வைத்தேன், தன் சூட்டிலேயே வெந்துவிடும் என்று யாரோ மில்லில் சொன்ன ஞாபகம். அவர் எந்த அரிசியைச் சொன்னார் என்று கேட்டுவைக்கவில்லை. ரேஷன் அரிசி சாயங்காலம் வரை வேகவும் இல்லை, அரிசியாகவும் இல்லை, போர்வையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் போர்வை உங்கள் வீட்டுச் சீர் என்பதால் இதை நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளவும்.

பிரச்சினை கிண்ணத்தில்தான் வந்தது. குழம்போடு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் சிக்கனக்காரனே தவிர முறை தெரியாதவன் இல்லை. அதனால் நொய்யும் வெல்லமும் தண்ணீரும் விட்டு ஒரு பாயசம் காய்ச்சினேன். பாயசம் என்று நான்தான் சொல்ல வேண்டும், இருந்தாலும் இனிப்பாக இருந்தது. ஆனால் அதற்குள் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள் அலமாரியில் அடுக்காக நின்றன. எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியவில்லை, எல்லாம் எவர்சில்வர், எல்லாம் ஒரே பளபளப்பு. திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது! நம் ஜனங்களின் முன்யோசனையை எண்ணி எனக்குப் பெருமையாகிவிட்டது. மில் கோடவுனில் நூல் மூட்டைகளின் சீட்டைப் பார்த்து அனுப்பி வைக்கும் வேலையில் இருந்தவன் நான். சீட்டில் என்ன பெயர் இருக்கிறதோ மூட்டை அங்கே போக வேண்டும், அவ்வளவுதானே?

முதல் கிண்ணத்தில் கோவிந்தசாமி என்று இருந்தது, மீதி எழுத்து தேய்ந்துவிட்டது. விசாரித்துக்கொண்டு போனேன், இரண்டு தெரு தள்ளி வீடு. “கோவிந்தசாமி இருக்காருங்களா? பாயாசம் கொண்டாந்திருக்கேன்” என்று வாசலில் நின்று சத்தமாகவே கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அம்மாள் சுவரைக் காட்டினார். மாலை போட்ட படத்தில் கோவிந்தசாமி இருந்தார். அவர் கருமாதிக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த கிண்ணமாம் அது. தேய்ந்துபோன எழுத்து ‘நினைவாக’. பாயசத்தைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன், வேறு வழி தெரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த கிண்ணத்தில் ‘பலராமன் – சின்னப்பாப்பா’ என்று எழுத்து சுத்தமாக இருந்தது. அவர்கள் பக்கத்துத் தெரு, உயிரோடும் இருக்கிறார்கள். சின்னப்பாப்பா வேறு யாருமில்லை, அன்னக்கிளியின் நாத்தனார்தான், அன்னக்கிளி வீட்டுக்காரர் இராமதாஸின் கூடப் பிறந்த தங்கச்சி. பாயசத்தோடு கிண்ணத்தை நீட்டியதும் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கிண்ணம் ஒங்க கைக்கு எப்பிடிண்ணே வந்துச்சு?”

“அன்னக்கிளி குடுத்துச்சும்மா.”

“எங்கிட்ட குடுக்கச் சொல்லியா?”

“ஒம் பேருதான போட்டிருக்கு? வேற யார்கிட்ட குடுக்கறது?”

“எங்கண்ணன் கல்யாணத்துக்கு நான் வாங்கி வச்ச கிண்ணம் இது. வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாளா? ஒறவு வேணாம்னு சொல்றதுக்குப் பாயாசம் வேறயா?” என்று உள்ளே போனவள், பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “நாங்க குடிபோனப்ப அவ குடுத்தது. அவ கையிலயே குடுத்துடுங்க” என்றாள். கொடுத்துவிடச் சொன்ன பொருளுக்குக் காரணம் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. கிண்ணம் கொண்டுபோனால் குத்துவிளக்கு தருகிறார்கள், நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அன்னக்கிளி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். “என்னாண்ணே இது?” என்றாள். “சின்னப்பாப்பா குடுத்துச்சு, கிண்ணத்துக்குப் பதிலா” என்றேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இராமதாஸ் எழுந்து கை கழுவிவிட்டார். அப்புறம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மூட்டையில் அனுப்பியவர் பெயர், வாங்குகிறவர் பெயர் இரண்டும் இருக்கும். எவர்சில்வரில் கொடுத்தவர் பெயரை மட்டும் வெட்டி விட்டுவிடுகிறார்கள். தப்பு எங்கே இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள். நான் இரண்டு வீட்டுக்கும் போய் விளக்கிப் பார்த்தேன். சின்னப்பாப்பா, “நீங்க நல்ல மனுசன், அதான் அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க. பாக்கியம் அக்கா வந்து சொல்லட்டும், நம்புறேன்” என்கிறாள். அன்னக்கிளி என்னைப் பார்த்தாலே துடைப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டுகிறாள். பலராமனும் இராமதாஸும் ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அத்தோடு கிண்ணங்கள் வருவது நின்றுவிட்டது. இதனால் நான் பயந்துவிடவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குக் கடை கட்டுகிற நேரத்தில் போய் தக்காளி ஒரு கூறு வாங்கிவந்தேன். கூறு மலிவு, தக்காளியும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. காலையில் தக்காளிக் குழம்பு, மத்தியானம் அதே குழம்பு, ராத்திரி அதையே தண்ணீர் விட்டு ரசம். மறுநாள் அந்த ரசத்தைச் சுண்டவைத்து மறுபடியும் குழம்பு. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் மனதில் பட்டது. உங்கள் தங்கச்சி ஒரு நாளைக்கு ஒரு குழம்புதான் வைப்பாள், ஆனால் என் தட்டில் மத்தியானம் ஒன்று, ராத்திரி வேறொன்று, மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்க இன்னொன்று இருக்கும். அந்த சாம்பாரும் கறிக்குழம்பும் எங்கிருந்து வந்தன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வாடின கத்திரிக்காயை ஊற்றி அனுப்பி, சொல்தா வீட்டுக் கறியை வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு கத்திரிக்காய் வேகவும் ஐந்து கத்திரிக்காய் வேகவும் கேஸ் ஒன்றுதான் செலவாகிறது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. இதை நான் பாராட்டாக எழுதவில்லை, உங்கள் தகவலுக்காகத்தான்.

ஆகவே மச்சான், அவளை ஒரு நடை அனுப்பி வைக்க வேண்டும். எனக்காக என்று நினைக்க வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, தக்காளி இன்னும் பாதி இருக்கிறது. தெருவின் அமைதிக்காகச் சொல்கிறேன். அவள் வந்து இரண்டு வீட்டையும் சமாதானம் செய்து, கிண்ணங்களை உரியவரிடம் சேர்த்துவிட்டால் போதும், இஷ்டமிருந்தால் உடனே திரும்பிவிடலாம். அவசரமும் இல்லை. பஸ் செலவில், இங்கே வருவதற்கு நான் கொடுத்துவிடுகிறேன். திரும்பிப் போவதற்கு என்னிடம் கேட்கக் கூடாது.

அக்காவுக்கு என் கும்பிடு. பாலாஜிக்கும் அபிக்கும் இந்த மாமாவின் ஆசிகள். தடை முடிந்து படகு இறங்கும் அன்று கடல் தாய் உங்கள் வலையைக் கிழிக்காமல் நிறைத்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை,
கோவிந்தராசு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க எழுந்தபோது அன்னக்கிளி வந்தாள். தன் மற்றக் கிண்ணத்தை எடுத்துப் போகத்தான் வந்தாள், ஆனால் எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள்.

“நீங்க சாப்ட்டீங்களான்னு அக்கா தெனம் போன் பண்ணிக் கேக்குறாங்க. இன்னிக்கி நான் என்னான்னு சொல்லட்டும்?” என்றாள்.

“தெனமுமா?” என்றேன்.

“அங்க போயி எறங்குன ஒடனே பூத்துல இருந்து பண்ணிட்டாங்கண்ணே. ‘அவுருக்குச் சோறு மட்டுந்தான் வடிக்கத் தெரியும், பசி தாங்க மாட்டாரு, கொழம்பு ஊத்திக் குடு. பின்வூட்டுலயும் சொல்தா வூட்டுலயும் சொல்லி வை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத, கௌரவம் பாப்பாரு. நான் வந்து ஈடு கட்டிடுறேன்’னாங்க. என்னா இருந்தாலும் அவுங்க முகத்துக்காகத்தான் ஊத்திக் குடுத்தேன்.”

மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடிக்கலாம் என்றால் வேறு லெட்டர் வாங்க வேண்டும். அதனால் நீங்களே அதை விட்டுவிடவும். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியது பொய். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்த வரியை இடமில்லாததால் பொடியாக எழுதியிருக்கிறேன், நீங்கள் அவளிடம் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள். தெருச் சண்டை ஒரு நாள் பொறுக்கும். நான் காலையில் முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். அவள் வரமாட்டேன் என்றால் நானும் அங்கேயே தங்கிவிடுவேன், எது ஊற்றினாலும் சாப்பிடுவேன். கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, நீங்கள் இதைப் படிக்கும்போது கையிலேயே கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருப்பேன். என் வாயால் இதைச் சொல்ல வராது, அதனால்தான் நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். முடிந்துவிட்டது மச்சான், அவளைக் கொஞ்சம் வெளியே கூப்பிடுங்கள்.