கடற்கரைப் பக்கம் கேட்ட வெடி

எனக்கு மோட்டார் வேலை தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் மொத்தம் பதினொரு நாட்கள். அதற்குள் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதையும் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தேன். படுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் இன்றுவரை என்னைத் தலைநிமிர விடாத விஷயம்.

கார் என்னுடையதல்ல. கப்பலில் வேலை செய்த அத்தானுடையது. இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை. வேற ஒண்டிலையும் கை வைக்காதை" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பாதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொழும்பில் வீடு எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆறு வீட்டு வாசலில் அம்மாவையும் என்னையும் திருப்பி அனுப்பிய பிறகு, ஏழாவதாக ஒரு ஹாஜியார் தன் மேல்மாடியைத் தந்தார். கீழே அவர் குடும்பம். நிபந்தனை ஒன்றே ஒன்று: எங்களால் ஒரு தரம் பொலிஸ் வாசலுக்கு வந்தாலும் மாத முடிவில் வெளியேற வேண்டும். அன்றிலிருந்து அம்மா, இந்த வீட்டில் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். (சாமியும் பார்த்துக்கொள்ளும், துண்டும் தொலையாது.)

அப்படிப்பட்ட வீட்டின் போர்ட்டிக்கோவில்தான் நான் ஹெடர் பூட்ட வெளிக்கிட்டேன். எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்கள் வளைந்து ஒன்றுசேரும் ஹெடரைப் பூட்டினால் கார் பறக்கும் என்று ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைக்காரர், "ஸ்டியரிங் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "ஓட்டுற பக்கம்" என்றேன். (எழுதும்போதே முகம் சுடுகிறது.)

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் அது இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள காருக்குச் செய்தது. வலது பக்கத்தில் இருந்த எங்கள் ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கினேன். இரண்டு போல்ட் எட்டவில்லை, விட்டுவிட்டேன். புகை கசியாமல் இடையில் வைக்கும் கஸ்கட்டுக்குப் பதிலாக அம்மாவின் பிஸ்கட் டின் மூடியை வெட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து ஒழுங்கை கண்ணயரும் நேரம், சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. கால் மணித்தியாலம் அக்சிலரேட்டரை மிதித்து மிதித்துத் திருப்பினேன். எரியாத பெற்றோல் முழுக்கக் குழாய்க்குள் சேர்ந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

வெடித்தது.

அந்த வருடங்களில் கொழும்பில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் காரை நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. மூன்று மூன்று படியாகத் தாவி மேலே ஓடி, கட்டிலுக்கு அடியில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன்.

வெடி கேட்டால் அடுத்ததாக டெலிபோன் அடிக்கும். தெஹிவளையிலிருந்து மாமா, எங்கே வெடித்தது என்று கேட்டார். நான்தான் எடுத்தேன். "கடற்கரைப் பக்கம்தான் மாமா. சத்தத்திலையே தெரியுது. பெரிசு." அவர் சந்தேகப்படுவாரோ என்று இன்னொரு தரமும் பெரிசு என்றேன்.

இருபது நிமிடத்தில் ஆமி லொறி வந்தது. ஜன்னலால் பார்த்தேன். எதிர் லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த ஆறு தமிழ்ப் பெடியளையும் மதிலோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் குகனுக்கு அடுத்த நாள் காலை எம்பசியில் நேர்முகம். அயர்ன் பண்ணிய சேர்ட் அவன் ஜன்னலில் தொங்கியது. அப்போதுதான் கண் தற்செயலாகக் கீழே போனது. பொனட் திறந்தபடி எங்கள் கார். அதிலிருந்து புகை. பிஸ்கட் டின் மூடி ஹாஜியாரின் ரோசாச் சாடிக்குள்.

சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் ஆறு பேரும் லொறியில் போவார்கள், எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போய்ச் சொல்லு" என்றார். "வீடு வேற பாப்பம்."

இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு போனேன். இரண்டிலும் முழங்கைவரை கரி. (குண்டு செய்பவனுக்கே இவ்வளவு கரி இருக்காது.) "சேர், ஒய சத்தே மகே கார் எக்கே" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அந்தச் சத்தம் என் காருடையது என்றேன். அதிகாரி காரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "ஆயெத் ஸ்டார்ட் கரன்ன" என்றார். இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ண வேண்டுமாம்.

திருப்பினேன். ஒன்றுமில்லை. ஐந்தாம் தரமும் இல்லை. அதிகாரி லொறியைத் திரும்பிப் பார்த்தார். குகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். முருகா, வெடிக்க வை என்று கும்பிட்டேன். கொழும்பில் அந்த நாட்களில் முருகனிடம் அப்படி ஒரு வேண்டுதல் போயிருக்காது.

ஒன்பதாம் தரம் வெடித்தது. ஆமிக்காரர் அத்தனை பேரும் நிலத்தில். அதிகாரியின் தொப்பியும் ரோசாச் சாடிக்குள். பிறகு அதிகாரி எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, "பிஸ்ஸு" என்று தலையில் விரலைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தார். ஆறு பேரையும் உள்ளே போகச் சொன்னார். பைத்தியம் என்று பேர் வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லொறி போன பிறகு ஹாஜியார் வெளியே வந்தார். அம்மா முந்திக்கொண்டு, மாத முடிவில் காலி பண்ணுகிறோம் என்றார்.

"நான் பொலிஸ் வந்தாத்தானே போகச் சொன்ன" என்றார் ஹாஜியார், சாடியிலிருந்து மூடியை எடுத்து என்னிடம் நீட்டியபடி. "வந்தது ஆமி. அந்தக் கொழாய மட்டும் இப்பவே கழட்டுங்க தம்பி."

அதே வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தோம். குகன் அடுத்த நாள் நேர்முகத்துக்குப் போனான், கனடாவுக்கும் போனான். நான் மாமாவுக்குச் சொன்னதை அம்மா அவனுக்குச் சொல்லிச் சிரித்திருந்தார்; இப்போதும் வருடப் பிறப்புக்குப் போன் எடுப்பான். நான் ஹலோ சொல்ல முன்னமே, "என்ன, கடற்கரைப் பக்கமோ?" என்பான்.

"ஓம்" என்பேன். "பெரிசு."