மூன்று டிஸ்க், மூன்று பங்கு

சின்னமனூர்,
18.6.2007

அன்பு மருமகன் சிரஞ்சீவி தமிழ்மாறனுக்கு, பெரிய மாமன் வேலுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, பசுமாடு மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும், சென்னையில் உன் ரூமுக்குத் தண்ணீர் வருகிறதா என்பதையும் எழுதவும்.

போனிலேயே சொல்லியிருப்பேன். கடைப் போன் உன் சின்ன மாமன் சுருளி பங்குக்குப் போய்விட்டது, செல்லில் பேசினால் விஷயம் முடிவதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது, ஆகவே கடிதம். விஷயம் இதுதான். எனக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும். ஒரே டிஸ்க், பெரியதாக. அதில் எவனுக்கும் பங்கு இருக்கக் கூடாது. எத்தனை ஜிபி, என்ன கம்பெனி என்று திட்டம் போட்டு அனுப்பு.

ஏன் என்று கேட்பாய். போன வருஷம் நீ லீவில் வந்து எங்கள் ஸ்டுடியோவுக்குப் பெட்டி அமைத்துக் கொடுத்தாய். கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைக்க மூன்று டிஸ்க், அதில் எந்த ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் தாங்கும், ஒரு படம்கூடப் போகாது என்று நீ சொன்னபோது நாங்கள் மூன்று மாமன்மாரும் தலையாட்டினோம். மூன்றிலும் எல்லாம் இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். மற்ற இருவரும் அப்படியே புரிந்துகொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வைகாசியில் தேவாரம் ஊர்க்கார மொக்கைச்சாமி மகள் கல்யாணம். நான் போட்டோ, உன் நடு மாமன் பாண்டியராஜன் வீடியோ, சுருளி கம்ப்யூட்டரில் மிக்சிங். மிக்சிங்கில் அந்தப் பயல் ஓர் அருவியைக் கொண்டுவந்து விட்டான், அது மணமக்களுக்குப் பின்னால் விழாமல் பெண்ணைப் பெற்ற மொக்கைச்சாமி தலையில் நேராக விழுகிறது, மனுஷன் அதற்குள் நின்று சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுக்கிறார். கடைக்கு வந்து பார்த்தவர், "ஏப்பா, பொண்ணக் கட்டிக் குடுத்த அன்னைக்கே என்னையக் குளிப்பாட்டிக் கெடத்திட்டீகளே" என்றார். நான் அவர் முன்னாலேயே சுருளியை, "ஏலே, ஒனக்கு அறிவிருக்கா" என்று கேட்டுவிட்டேன். ஆள் முன்னால் கேட்டது தப்புதான். உடனே பாண்டி அவனுக்குப் பரிந்துகொண்டு, "ஒங்க போட்டோவுல பாதிப் பேருக்குத் தலையே இல்லண்ணே, நாங்க என்னைக்காச்சும் கேட்டமா" என்றான். அப்புறம் என்ன, அன்று சாயங்காலமே பங்கு பிரிக்கிற பேச்சு வந்துவிட்டது.

பிரித்து வைக்க எங்கள் பிச்சைமணிச் சித்தப்பா வந்தார். கேமரா மூன்று, லைட் மூன்று, நாற்காலி ஆறு. கடைப் பெயர் எனக்கு, அந்தப் பெயர் எழுதின போர்டு பாண்டிக்கு, பெட்டி சுருளிக்கு. பெட்டியைத் திறந்து உள்ளே மூன்று டிஸ்க் வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த தகப்பன் மாதிரி யோசிச்சு வச்சிருக்கான்யா அந்தப் பேரப் பய, ஆளுக்கு ஒண்ணு எடுங்கப்பா" என்றார். சண்டை இல்லாமல் பிரிந்தது அது ஒன்றுதான். நான் என் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். மறுநாள் பிரவுசிங் சென்டரில் மாட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, துடைத்து எடுக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் வேறு கேட்கிறது. வேண்டாம் சாமி என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் இருவருக்கும் இதே கதைதான். நடுவில் மொக்கைச்சாமி எங்கள் மூன்று வீட்டு வாசலிலும் முறை வைத்து வந்து உட்காருகிறார், அவர் மாப்பிள்ளை மாசக் கடைசியில் துபாய் போகிறாராம், படம் கையில் இல்லாமல் விமானம் ஏற மாட்டேன் என்கிறாராம்.

முந்தாநாள் உன் அத்தை காய்கறிக் கடையிலிருந்து சேதி கொண்டுவந்தாள். "ரெண்டு பேரும் அவுக டிஸ்க்கச் சேத்து மாட்டித் தொறந்துட்டாகளாம். மொக்கைச்சாமிக்குப் படமும் குடுத்துட்டாகளாம். தனியா ஒண்ணுல எதுவும் வராதாம், எதாச்சும் ரெண்டு சேந்தாப் போதுமாம். ஒங்களது தேவையே படலியாம்" என்றாள். மாப்ள, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போனபோது சுருளிக்கு ஏழு வயது. அவனைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். பாண்டி கையில் முதல் கேமராவைக் கொடுத்தவன் நான். பெரியவன் இல்லாவிட்டாலும் ஓடும் என்று அந்தப் பெட்டி ஒரே நாளில் சொல்லிவிட்டது. உன் மேல் எனக்கு வருத்தமில்லை. எந்த ஒன்று போனாலும் தாங்கும் என்று நீ சொல்லித்தான் கொடுத்தாய். அந்த ஒன்று நானாக இருப்பேன் என்று நான்தான் நினைக்கவில்லை.

ஆகவே எனக்குத் தனிப் பெட்டி. இனி அவர்கள் முகத்தில் நான் விழிப்பதாக இல்லை, இது முடிவு. உன் அம்மா மூக்கம்மாளிடம் மூச்சு விடாதே, தங்கச்சி பஸ் ஏறி வந்து மூன்று வீட்டிலும் உட்கார்ந்து அழுவாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. வீரபாண்டி கௌமாரியம்மன் உன் கண்ணையும் இடுப்பையும் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கடைப் பெயர் மட்டும் கையில் உள்ள உன் மாமன்,
வேலுச்சாமி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். சுருளி வாசலில் நின்றபடி, "அண்ணே, ஒங்க டிஸ்க்கக் காணாம்னு பெட்டி மூணு நாளா கத்துதுண்ணே. ஓடத்தான் செய்யுது, ஆனா கத்திக்கிட்டே ஓடுது. அங்கன உக்கார முடியல" என்றான். பாண்டி என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் போட்டான். போய் மாட்டினோம். என்னுடையது இல்லாத நாளில் சேர்ந்ததையெல்லாம் மற்ற இரண்டும் அதற்கு எழுதிக் கொடுக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று, மூவரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலே எழுதியது அத்தனையும் ரத்து. தனிப் பெட்டி வேண்டாம். இப்போது வேறு திட்டம் போட்டு அனுப்பு. டிஸ்க் மூன்று, அதில் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு படமும் திறக்கக் கூடாது. உன் ஆபீஸில் கேட்டால் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். இருக்கட்டும், எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் சரி.