தடுப்பவர் யார்?

அரசாங்கம் நம்மைக் கண்டு பயப்படுகிறது என்று நம்புவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தை நான் கிட்டத்தட்ட கால் மணி நேரம் அனுபவித்திருக்கிறேன். (அதற்குப் பிறகு அனுபவித்தது வேறு.)

கல்லூரி முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்த காலம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே எங்கள் ஊர். சேனலைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் கை தவறிப் பட்டனைத் தொட்டவர்கள். ஆனாலும் உலகத்தில் எந்த மூலையில் இன்டர்நெட்டை முடக்கினாலும் என் ரத்தம் கொதிக்கும். உடனே ஒரு வீடியோ போடுவேன்.

அந்தச் சமயம் எங்கள் தெருவுக்குப் பல வாரமாகக் குடிதண்ணீர் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவரை லைவ் பேட்டிக்குக் கூப்பிட்டேன். எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொல்லாத மனிதர், அதிசயமாகச் சம்மதித்தார்.

"லைவ்வுன்னா வாரேன் தம்பி. வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் ஆகாது. லைவ்வு இல்லேன்னா கெளம்பிருவேன்."

செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் கண்மாய்க்கரை ஏற வேண்டும். அதனால் ஒயர் வழியாக இன்டர்நெட் வைத்திருந்த ஜமீலா அக்கா வீட்டு வாசலைப் பிடித்தேன். அக்காவின் கணவர் குவைத்தில் இருக்கிறார்.

"நாலு மணிக்கு அவுக வீடியோ கால்ல வருவாக. அதுக்குள்ள ஒன் அரசியலை முடிச்சிரு," என்றார் அக்கா.

பின்னணிக்காக அருப்புக்கோட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து வந்திருந்தேன்: 'இணையம் நம் உரிமை! தடுப்பவர் யார்?' கட்டுவதற்குக் கயிறு வாங்க மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் அது ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டுக்கு வீடு டிஷ் வந்த பிறகு அநாதையான பழைய கேபிள் டிவி ஒயரில்தான் நாங்கள் துணி காயப்போடுவோம், ஆட்டைக் கட்டுவோம், வேலியை இறுக்குவோம். கம்பத்தில் கறுப்பாக ஒரு சுருள் தொங்கியது. நண்பன் முருகேசன் தோளில் ஏறினேன், வெட்டினேன், பேனரைக் கட்டினேன்.

தலைவர் சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். லைவ் பட்டனை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏலே, நெட்டு இல்லடா," என்றான் முருகேசன்.

சாதாரண மனிதன் மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பான். நான் நாற்காலியில் ஏறினேன்.

"பாத்தீங்களா! ஒரு கொடம் தண்ணி கேட்டதுக்கு இணையத்தையே முடக்கிட்டாங்க!"

தெருவே வெளியே வந்தது. (அக்கா வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும்; எல்லார் போனிலும் சீரியல் பாதியில் நின்றிருந்தது. நான் என் பேச்சுக்குக் கூடிய கூட்டம் என்று நினைத்து இன்னும் குரலை உயர்த்தினேன்.)

தலைவர் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, மோட்டார் ரூமு சாவியே எங்கிட்ட இல்ல. இன்டர்நெட்டை நான் எங்கிட்டுப் போயி நிறுத்த?"

"மேலிடத்து உத்தரவு!" என்றேன்.

அவர் பேனரையே பார்த்தார். கட்சியில் பேனர் கட்டிக் கட்டியே மேலே வந்தவர். எந்த பேனரைக் கண்டாலும் முடிச்சைத்தான் முதலில் பார்ப்பார். எழுந்து போய் ஒயரின் நுனியை நசுக்கினார். தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை எட்டிப் பார்த்தது.

"டிவி ஒயருன்னா உள்ள செம்பு இருக்குமே. இது நெட்டு ஒயருல்ல? ஏம்ப்பா, தடுப்பவர் யாருன்னு எழுதிப்போட்டு, அதுக்குக் கீழயே நிக்கிறியே!"

தெரு சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை.

"அடப்பாவி! நாலு மணிக்கு அவுகளுக்கு ஒன் பேனரையா காட்டுவேன்?" என்று அக்கா துடைப்பத்தைத் தேடினார்.

இதுதான் சமயமென்று தலைவர் துண்டை உதறினார். "லைவ்வு இல்ல. அப்ப நான் வாரேன்."

அக்கா வழியை மறித்தார். "எங்க போறீக? இத்தன பேரு பாத்துக்கிட்டு நிக்கிறோம். வெட்டவும் ஒட்டவும் இங்க யாருக்குத் தெரியும்? ஒக்காருங்க."

உட்கார்ந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய பார்வையாளர்களுக்காக நான் கேட்க நினைத்த கேள்விகளை ஒரு தெருவே கேட்டது. மோட்டார் எரிந்துபோனதை ஒப்புக்கொண்டு, தன் வாயாலேயே கெடுவும் சொன்னார். அந்தக் கெடுவுக்குள் தண்ணீரும் வந்தது.

நாலு மணிக்கு அக்காவை பைக்கில் கண்மாய்க்கரைக்கு ஏற்றிப்போனது நான்தான். அக்கா விவரம் சொல்லச் சொல்ல, குவைத்திலிருந்து வந்த சிரிப்பு விட்டுவிட்டுக் கேட்டது. சிக்னல் அப்படி.

இணையச் சுதந்திரத்துக்காக இன்றும் வீடியோ போடுகிறேன். ஆனால் எங்கேயோ இன்டர்நெட்டை முடக்கிவிட்டார்கள் என்று டிவியில் செய்தி வந்தால், அது எந்த மாநிலமாக இருந்தாலும், அம்மா சட்டென்று என் பக்கம் திரும்புகிறார்.

"ஏப்பா, நீ இன்னைக்கு வீட்டுலதான இருந்த?"