பையில் வளர்ந்த தேயிலையும் கண்ணாடிக் குழந்தையும்

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனையிலிருந்து டயகம வரைக்கும் உள்ள அத்தனை தோட்டத்திலும் எதற்கும் பயப்படாத பிறவி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் பையக்கா. சொந்தப் பெயர் அவர் புருஷனுக்காவது ஞாபகமிருந்ததோ என்னவோ.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பையக்காவுக்கு வேலை தேயிலை நர்சரியில். விதை போட்டுத் தேயிலை வளர்த்த காலம் போய், தாய்ச்செடியின் கிளையை ஒற்றை இலையோடு வெட்டிப் பொலித்தீன் பையில் நட்டு வளர்க்கும் காலம் வந்திருந்தது. பைக்கு மண் நிரப்புவார், தண்ணீர் தெளிப்பார், வாடிய கன்றைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் பிறகு சமாதானமும் சொல்லுவார். ஒரு நாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பார்வையிட வந்தபோது குறுக்கே நின்று மறித்துவிட்டார்.

“தொரைகளே, பச்சப்புள்ளைக இருக்கிற எடம். சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க.”

துரை கழற்றினார்! ஈர மண்ணில் அவர் காலுறையோடு நடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. சீமையில் கண்ணாடிக்குள் கருவாக்கி ஒரு குழந்தை பிறந்திருக்கிறதாம். மறுநாள் காலை ஆள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கக் கணக்கப்பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க ஆளில்லை. அந்தப் பிள்ளைக்குத் தொப்புள் இருக்குமா, இருக்காதா என்பதுதான் வழக்கு. சர்ச் உபதேசியார் பாவம் என்றார். கோயில் பூசாரி கலிகாலம் என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

“அதெல்லாம் புள்ளையா? பேயி!” என்றாள் கொழுந்து பறிக்கிற ஒருத்தி.

பையக்கா பாய்ந்தார். “ஏண்டி, நீ புடுங்குற கொழுந்து எங்க பொறந்துச்சு? என் பையிலதானே? கொஞ்ச நாளு பையில, அப்புறம் மண்ணுல. அதுவும் கொஞ்ச நாளு கண்ணாடியில, அப்புறம் தாய் வயித்துல. தேயிலைய மட்டும் பேயின்னு சொல்லாம புடுங்கிக் கஞ்சி குடிக்கிறியே!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளையில்லை. மாமியார் என் கணவருக்கு வேறு பெண் பார்க்கப்போவதாகச் சாடை பேசிக்கொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளைகாப்பு என்றால் என்னை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நர்சரிக்குப் போனேன்.

“அந்த வைத்தியம் நம்ம பக்கமும் வருமாக்கா?”

“வந்தா மொத ஆளா உங்கள நான் பஸ்ஸுல ஏத்திக் கொண்டு போறேன், டீச்சர். வராட்டிப் போகட்டும். அதுக்காக உங்கள ஒதுக்கி வைக்க இவளுக யாரு?”

சொன்னதோடு நிற்கிற ஆளா? கொஞ்ச நாளில் அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. முதல் வளையல் போட என்னைக் கூப்பிட்டார். லயமே கொந்தளித்தது. மகளின் மாமியார் எழுந்து மறித்தார்.

“புள்ள பெறாத கை மொதல்ல படலாமா? என் பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

பையக்கா தன் கையை நீட்டினார். “சம்பந்தியம்மா, இது எட்டுப் பெத்த கை. அந்த மகிமை எனக்குத் தெரியாதா? ஒண்ணு சீட்டாடுது, ஒண்ணு பீடி குடிக்குது, மூத்தது எங்கிட்டப் பேசுறதே இல்ல. புடிக்காதவங்க எழும்பிப் போங்க. புளிச்சோறு மிஞ்சுனா நானும் டீச்சரும் திங்கிறோம்!”

ஒருவரும் எழும்பவில்லை. புளிச்சோறு அப்படி மணந்தது. நான் முதல் வளையலைப் போட்டேன்.

பிரசவம் வரைக்கும் தோட்டமே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தால்கூட என் கைதான் காரணம். வாயைத் திறந்தவர்களையெல்லாம் பையக்கா விரட்டியடித்தார். கடைசியில் பிறந்தது ஒரு பெண் குழந்தை, குண்டாக, ஊரைக் கூட்டும் குரலோடு. அதைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போனார்.

“பாருங்கடி, டீச்சர் கை பட்ட புள்ள! தொப்புள்கூட இருக்கு!”

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து, மாமியார் கண் முன்னாலேயே குழந்தையை என் மடியில் போட்டார். போட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றச் சொன்ன அதே பையக்கா!

“பயந்தே செத்தேன் டீச்சர். எம் மகளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா உங்கள உசுரோட விட்டிருப்பாளுகளா?”

“பெறகு ஏங்க்கா என்னையக் கூப்பிட்டீங்க?”

“உங்கள விட்டுட்டு வேற யாரக் கூப்பிடுறது?”

மாமியார் அதற்குப் பிறகு வேறு பெண் பேச்சை எடுக்கவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்கவுமில்லை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், ‘இல்லை’ என்று இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன், பையக்கா.