கிடாக்குட்டியும் பூப்போட்ட நைட்டியும்

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் நான் முடிவுக்கு வருவது அபூர்வம். முடிவுகள்தான் என்னைத் தேடி வரும், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. ஆனால் அன்று மீசையை முறுக்கிக்கொண்டு கண்ணாடியிடம் சொல்லிவிட்டேன்: "கிடாக்குட்டியை விற்க விடமாட்டேன்!" கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை.

எங்கள் ஆட்டுப் பண்ணைக்கு மூன்று பங்காளிகள். என் மனைவி, அவள் தம்பி, நான். பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை, நாலு பால் ஆடுகள், அவ்வளவுதான். ஆடு வாங்கியது மச்சினன். பால் கறப்பது மனைவி. புழுக்கை கூட்டுவது நான். பங்கு மட்டும் சமம்.

மூத்த ஆட்டின் பெயர் மேனேஜர். தாமதமாகப் போனால் அது பார்க்கிற பார்வைக்கு வேறு பெயர் பொருந்தாது. அது இரட்டைக் குட்டி போட்டபோது பெட்டைக்கு மடி கொடுத்தது, கிடாக்குட்டியை முட்டித் தள்ளிவிட்டது. அந்தக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தவன் நான். நன்றிக்கடனாக அது என் சட்டைப் பொத்தான்களைத் தின்றது. போகட்டும். நான் கூப்பிட்டால் ஓடி வருகிற ஒரே ஜீவன் இந்த வீட்டில் அதுதான். அதன்மேல் எனக்கு உயிர்.

"ஏங்க, வியாழக்கிழமை வியாபாரி வர்றார். கிடாவைக் கொடுத்துடலாம்."

"முடியாது. அதைப் பொலிகிடாவா வளர்க்கப்போறேன். நம்ம பண்ணையோட வம்சமே அதுதான்."

"பொலிகிடா நாத்தம் தெருவுக்கே அடிக்கும். பக்கத்துல கட்டினா பாலும் நாறும். அதை யாரு குடிப்பா?"

"நான் குடிப்பேன்."

"நாலு ஆட்டுப் பாலையுமா?"

"பேச்சை மாத்தாதே. நானும் பங்காளிதானே?"

"பங்காளிதான். ஆனா கறக்கிற கை சொல்றதுதான் முடிவு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கறக்கிறது யாரு?"

"நீ."

"அப்போ முடிவு?"

"உன்னோடது." எனக்குள் திடீரென்று ஒரு பொறி தட்டியது. "அப்போ நான் கறந்தா?"

"கறங்க. குட்டி இங்கேயே இருக்கட்டும்."

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது!

மறுநாள் விடியலில் மேனேஜரைக் கறவைப் பலகையில் ஏற்றினேன். முன்னால் தீவனம் வைத்தேன். வெந்நீர்த் துணியால் மடியைத் துடைத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேலே இறுக்க, மற்ற விரல்கள் வரிசையாக மடங்க வேண்டும். மடங்கின. பால் மட்டும் வரவில்லை. மேனேஜர் திரும்பி என் சட்டையை மோந்து பார்த்தது. பிறகு பின்னங்காலைத் தூக்கியது. பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தூக்கிவிட மச்சினன் வந்தான்.

"புது ஆள்னா பாலை அடக்கிக்கும் மாமா. அக்கா வாசனை வந்தாத்தான் இறக்கும்."

"அதுக்கு உங்க அக்கா தோலையா போர்த்திக்க முடியும்?"

"தோல் எதுக்கு? நைட்டி போதுமே."

ஆணியில் தயாராகத் தொங்கியது, மஞ்சள் பூப்போட்ட நைட்டி. குட்டி காலடியில் வந்து நின்று என்னை நிமிர்ந்து பார்த்தது. மானம் பெரிதா, குட்டி பெரிதா என்று யோசித்தேன். எனக்கு மானம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பதால் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் நைட்டியோடு உட்கார்ந்தேன். மேனேஜர் மோந்தது. பெருமூச்சு விட்டது. சர்ரென்று பால் இறங்கியது! அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் துலக்க வந்தார், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். என் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது.

"என்னம்மா, இன்னைக்கும் நீதானா? அவர் தூங்குறாரா?"

குரலை ஒல்லியாக்கி, "ம்ம்" என்றேன்.

"பாவம்மா நீ. அந்த மனுஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார்."

"ம்ம்."

"இப்படி ஒரு தண்டத்தைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுறியோ!"

எவ்வளவுதான் பொறுப்பது? திரும்பினேன். மீசை தெரிந்தது. அவர் வாயிலிருந்து பிரஷ் விழுந்தது.

"சார்! வீட்ல... அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க நைட்டிதான்."

அவர் பிரஷ்ஷை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

பாத்திரம் நுரைத்து நிரம்பியது. வெற்றிவீரனாக அதைக் கொண்டுபோய், இன்னும் படுக்கையில் இருந்த மனைவி முன்னால் வைத்தேன்.

"கறக்கிற கை சொல்லுது: கிடா இங்கேதான் இருக்கும்!"

"இருக்கட்டும்."

"அதுக்குத் தனிக் கொட்டகை வேணும். நாத்தம் இந்தப் பக்கம் வராம, கொல்லைக் கோடியிலே."

"அதான் போன வாரமே கட்டியாச்சே மாமா" என்றான் மச்சினன். "நீங்கதானே கம்பு பிடிச்சீங்க?"

"அது விறகுக் கொட்டகைன்னு சொன்னியே?"

"அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். "அப்போ வியாழக்கிழமை வர்ற வியாபாரி?"

"எந்த வியாபாரி?" என்று கேட்டுவிட்டு, கொட்டாவியோடு போர்வையை இழுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் சூரியன் ஏறிய பிறகும் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தோற்றேன் என்றா சொல்கிறீர்கள்? குட்டி என் காலைச் சுற்றித் துள்ளுகிறது. அடுத்த ஈற்று ஆட்டுக்குட்டிகளுக்கு அதுதான் அப்பன். இன்னும் கொஞ்ச நாளில் மேனேஜர் என் வாசனைக்கே பழகிவிடும், நைட்டியை மூட்டை கட்டிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது சில நாளாக மனைவி நீலப் பூப்போட்ட புது நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். தோள் தொளதொளக்கிறது, விளிம்பு தரையைக் கூட்டுகிறது.

"ஏன் இவ்வளவு பெரிசா வாங்கினே?" என்று கேட்டேன்.

"உங்க அளவுதாங்க. என் வாசனை ஏறட்டும்னு போட்டிருக்கேன்."