படப்புத்தகத்தில் விட்டுப்போன பெரியப்பா

என் தம்பி மகளும், ஓவியம் படித்தவளும், இப்போது நூலாசிரியையுமான அன்புள்ள வாலுவுக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நிற்க.

நம் தெருவைப் பற்றிக் குழந்தைகளுக்காக நீ எழுதி வரைந்த ‘எங்க தெருவைப் பாரு’ தபாலில் வந்து சேர்ந்தது. இப்படி ஒரு புத்தகம் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் என்ன செய்வார்களோ, அதைத்தான் நானும் செய்தேன். என்னைத் தேடினேன். தையல்காரர் இருக்கிறார், சலூன்காரர் இருக்கிறார், சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார், அவருடைய நாய் இருக்கிறது, அந்த நாய்க்குப் பிடிக்காத பூனைகூட வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டு இடத்தில் இருக்கிறது. இந்தப் படங்களை வரைய வந்த உன்னைப் பத்து நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தன் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியையும் உனக்கு விட்டுக்கொடுத்து, தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பெரியப்பா மட்டும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பூனைதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சரி, போகட்டும் என்று விடலாமென்றால் தெரு விடவில்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து இங்கே யாருக்கும் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் புத்தகத்தை விரித்துக்கொண்டு வாசல் வாசலாக வந்து சரிபார்க்கிறார்கள். எப்போதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற நம் தையல்காரரை நீ சிரித்த முகமாக வரைந்துவிட்டாய். “தாத்தா, புத்தகத்துல சிரிக்கிறீங்க, இங்க ஏன் சிரிக்க மாட்டேங்கிறீங்க?” என்று பிள்ளைகள் கேட்க, அந்த மனுஷர் இப்போது நாள் முழுக்கச் சிரிக்கிறார். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரித்ததில் ஒன்று உள்ளே போகப் பார்த்தது. சலூன்காரரின் பச்சைப் பலகையை நீ நீலமாகத் தீட்டினாய்; அவர் பெயிண்ட் வாங்கி வந்து நீலமாக்கிவிட்டார். சைக்கிள் கடை நாய்க்கு ஒரு காது மடங்கியிருப்பதாகப் போட்டாய். நிஜத்தில் இரண்டும் நிமிர்ந்தே இருப்பதால், வருகிற பிள்ளைகளெல்லாம் ஒரு காதை மடக்கி மடக்கிப் பார்ப்பதில், அது இப்போது பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வருவதில்லை.

போன வாரம் ஒரு கூட்டம் என் மாடிப்படிக்குக் கீழே நின்று, “நீங்க எந்தப் பக்கம் தாத்தா?” என்று கேட்டது. “நான் ஒரு பக்கத்துலயும் இல்லம்மா” என்றேன். “அப்ப நீங்க வேற தெருவா?” என்றது ஒரு வாண்டு. கல்யாணமான புதிதில் இந்தத் தெருவுக்கு வந்தவன் நான். என்னிடம் இப்படி ஒரு கேள்வி!

ரோஷம் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் மூலை வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு போகிறாரே, நானும் அதே மாதிரி ஒரு குடையை விரித்துக்கொண்டு பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நின்றேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “இவரு இல்லடா, அவருக்கு மூக்கு பெருசு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குடையை மடக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் அச்சகம் உன்னை ஏமாற்றிவிட்டது. எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, நடுவில் தொப்பை தள்ளிக்கொண்டு. ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திய கண்ணுக்கு அது தப்புமா? ஒரு பக்கத்தில் விழுந்தால் அழுக்கு என்று விடலாம், எல்லாப் பக்கத்திலும் என்றால் அது பிழைதானே. பிழையைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாதே எனக்கு. பிளேடை எடுத்துப் பக்கம் பக்கமாகச் சுரண்டினேன். கோடு போயிற்று, கூடவே தையல்காரரின் கடைக்கதவும் போயிற்று.

நான் திருத்திய புத்தகங்கள் எதிலும் என் பெயர் வந்ததில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. இது வேறே. உன் பெரியம்மா போன பிறகு இந்த வீட்டில் பேசுவது ஒழுகுகிற குழாய் மட்டும்தான். நாலு வார்த்தை பேச வேண்டுமானால் சட்டைப் பொத்தானை நானே பிய்த்துக்கொண்டு தையல்காரரிடம் போவேன். இப்போது அவரும் பிள்ளைகளுக்குச் சிரிப்பதில் மும்முரமாகிவிட்டார், பொத்தான் கையிலேயே இருக்கிறது. தனியாக இருப்பது பழகிவிட்டது வாலு, இல்லாதவனாக இருப்பதுதான் பழகவில்லை. சின்ன வயதில் நீ என் ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டினாயே, கம்பியை வளைத்து உன்னை மீட்டது யார்? அந்த ஆளுக்கு ஒரு மூலையில் இடம் இல்லையா?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு, என் பழைய அச்சக நண்பர் இருக்கும் முதியோர் இல்லத்துக்கே போகிறேன். வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று. அடுத்த பதிப்பு வந்தால் சலூனில் காத்திருக்கிறவர்களோடு என்னையும் ஒருவனாகப் போடு. முகம் வேண்டாம், முதுகு போதும்.

கையில் தூரிகை உள்ளவரை கண்ணில் ஒளி குறையாமல் நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மறுபடி எழுதக் கை ஒத்துழைக்கவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கீழ்வீட்டு டீச்சரின் மகள் புத்தகத்தோடு ஏறி வந்தாள். “தாத்தா, உங்க ஜன்னலைக் கொஞ்சம் பார்க்கணும். கீழே நின்னு பார்த்தா டெய்லர் தாத்தா வழுக்கை தெரியல, படத்துல தெரியுது. மேலேருந்து பார்த்தாத்தானே தெரியும்?” என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள், புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள், ஒரு கண்ணை மூடினாள். “இதோ, கம்பி!” என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். அவள் படத்தில் அந்தக் கறுப்புக் கோடு, ஜன்னலில் நான் வளைத்த கம்பி, இரண்டுக்கும் அதே தொப்பை. “தெரு பூரா உங்க நாற்காலியிலேருந்துதான் தெரியுது தாத்தா” என்றாள். அழுதுவிட்டேன், வாலு. நாளைக்குத் தோழிகளையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வருவார்களோ மாட்டார்களோ, மாடிப்படியைக் கூட்டி வைத்திருக்கிறேன். காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அச்சகத்தாரிடம் அந்தக் கோட்டில் கைவைக்க வேண்டாம் என்று சொல். என் பிரதியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் என்னை நானே சுரண்டி எறிந்துவிட்டேன். புதிதாக ஒன்று வேண்டும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா.