சம்பந்தி விழுங்கிய ரோமாபுரிக் காசு

கொரட்டூர்
18.8.1991

ஆண்டவருக்குத் தோத்திரம்.

மரியாதைக்குரிய மச்சான் ஜேசுராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹில்டாவின் கணவன் கிறிஸ்துதாஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மகள் ஞானகுமாரியும் சுகம். தங்கள் தங்கையும் சுகம்தான். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கரூரில் தாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அமராவதி ஆற்று மணல் சலிப்பவர்களிடம் வாங்கி, பிலிம் டப்பாவில் போட்டுத் தாங்கள் அனுப்பிய ரோமாபுரிச் செப்புக்காசுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்கு நடுவே கொடிக்கம்பம் இரண்டு இருந்தால் முந்திய காலம், ஒன்று இருந்தால் பிந்திய காலம். காலடியில், எந்த ஊரில் அடித்த காசு என்பதற்கு எழுத்து இருக்கும், அதாவது, இருந்திருக்கும். இப்படிப்பட்ட காசு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதாம். அதற்குள் அபூர்வ வகையைப் பிரித்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது என்று லைப்ரரிப் புத்தகம் சொல்கிறது. நான் லென்ஸும் கையுமாக வாசல் வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு காசில் கை நின்றுவிட்டது மச்சான். இரண்டு கொடிகளுக்கும் நடுவே அழுக்குக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு, அதன் மேல் ஒரு வளைவு. புத்தகத்தைப் புரட்டினால், அது கிறிஸ்துநாதரின் பெயரெழுத்துக் குறி, கான்ஸ்டன்டைன் மகாராஜா காலத்தில் மிகச் சில காசுகளில் மட்டுமே காணப்படுவது என்று இருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் அழுக்குப் போனால்தானே நிச்சயமாகச் சொல்ல முடியும்? எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்றார்கள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அந்த ஒரு காசை மட்டும் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று சமையலறை அலமாரியில் வைத்தேன். ஹில்டாவிடம் சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி.

போன ஞாயிறு பூசை முடிந்து கரையான்சாவடியிலிருந்து ஞானகுமாரியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தகப்பனார் ஆரோக்கியசாமி டயர் கடை வைத்திருப்பவர், வாய் கொஞ்சம் தாராளம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதால், நீங்கள் வாயே திறக்கக்கூடாது என்று ஹில்டா எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். நானும் அடங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியசாமி இலையில் இட்லி, இட்லி மேல் பொடி, பொடி மேல் ஹில்டா தன் கையாலேயே கரண்டி கரண்டியாக எண்ணெய் விட்டாள். ஒரு வாய் போட்டவர் கண்ணை உருட்டி, "இன்னாமா இது, பொடில கல்லு கீதா? உள்ள போய்ட்ச்சே!" என்றார். அப்போதுதான் ஹில்டா கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். காலி.

"ஐயோ, என் கான்ஸ்டன்டைன்!" என்று கத்திவிட்டேன்.

பையனின் தாயார் மெதுவாக எழுந்து, "யாரு அந்த கான்ஸ்டன்டைன்? பொண்ணுக்கு முன்னாடி பாத்த மாப்ளையா?" என்றார். ஹில்டா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, ஆரோக்கியசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரோமாபுரி ராஜாவா? செத்துப்போன ஆளாச்சேய்யா!" என்று அலறினார். ஞானகுமாரி பட்டுப்புடவையோடு தெருவுக்கு ஓட, பையனும் பின்னாலேயே ஓடி ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வட்டமாக வெள்ளையாகத் தெரிந்தது. குறி தெரிகிறதா என்று நான் லென்ஸை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். டாக்டர், "நீங்களும் கொஞ்சம் படுங்க, பிரஷர் பாக்கறேன்" என்றார். தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்று அனுப்பினார். இத்தனை கலவரத்திலும் ஞானகுமாரியும் பையனும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அப்புறம் தினமும் பழச்சீப்பும் கையுமாகக் கரையான்சாவடி போய்ச் சுகம் விசாரித்தேன். "யோவ், என்னப் பாக்க வர்றியா, உன் காச பாக்க வர்றியா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று உண்மையைச் சொன்னேன். முதலில் முறைத்தவர், நான் குறியின் அர்த்தத்தை விளக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவரோட எழுத்தா என் வயித்துல கீது?" என்றவருக்கு அதன்பிறகு என்மேல் கோபமே இல்லை. வியாழக்கிழமை அவரே கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் எண்ணெயில் ஊறவைத்து எதிர்பார்த்ததை அவர் வயிறு செய்து முடித்திருந்தது மச்சான்! அழுக்கு அத்தனையும் போய், இரண்டு சிப்பாய், இரண்டு கொடி, நடுவே குறி, காலடியில் ஊர் எழுத்து, எல்லாம் பளிச்சென்று இருந்தன. நானும் அவரும் கட்டிக்கொண்டோம். பல வருஷத்து வாயுத்தொல்லையும் போய்விட்டதாம். "பொண்ண எங்க ஊட்டுக்கே குட்த்துடு சம்பந்தி" என்று அவரே கேட்டுவிட்டார். தை மாதம் கல்யாணம்.

ஆகவே தாங்கள் அடுத்த மாதம் அவசியம் மெட்ராஸ் வர வேண்டும். எழும்பூரில் பழங்காசு சேர்ப்பவர்களின் கூட்டம் இருக்கிறது. காசு கிடைத்த இடத்தைத் தாங்கள் சொல்ல, வகையை நான் சொல்ல, பெரிய பெரிய ஆட்கள் வாயடைத்துப் போவதைப் பார்க்கலாம். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சின்னவர்களுக்கு முத்தமும் ஆசீரும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கிறிஸ்துதாஸ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி வந்துவிட்டார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நேற்று வாங்கிப்போன காசை ஆசாரியிடம் கொடுத்து, ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்த்து, தங்கச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். ராஜாவும் இல்லை, சிப்பாயும் இல்லை, குறியும் இல்லை. "சம்பந்தி, கண்ணாடி மாதிரி கீது பாரு, உன் மூஞ்சே தெரீது!" என்று நீட்டினார். குனிந்து பார்த்தேன். தெரிந்தது. அழுகிற முகமாக இருக்கும் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தது மச்சான். அடுத்த மாதம் வர வேண்டாம். தை மாதம் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.